பெண் வீட்டுக்குக் குடிவந்த மாப்பிள்ளைமாருக்கு

பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு தொடங்கித் தெற்கே அக்கரைப்பற்று வரைக்கும் பெண் வீட்டில் குடியிருக்கும் மாப்பிள்ளைமார் எல்லாருக்கும் அஸ்ஸலாமு அலைக்கும். வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் தமிழ் மருமக்களுக்கு வணக்கம். நாம் கும்பிடுகிற இடமும் தொழுகிற இடமும் வேறுவேறாக இருக்கலாம். மாமி வீட்டில் முதல் நாள் எந்தக் கதிரையில் உட்காருவது என்று திகைத்து நின்றது எல்லாருக்கும் ஒன்றுதான்.

இதை எழுத உட்கார ஓர் இடம் கிடைக்க மூன்று நாள் சென்றது. முன் விறாந்தையில் பூசிய பெயின்ற் கையில் ஒட்டுகிறது; மாரி ஈரத்தில் அது காயச் சுணங்கும். நடு அறையில் இளைய மகள் உயர்தரப் பரீட்சையோடு மல்லுக்கட்டுகிறாள். நவம்பர் கடைசியில் வந்த வெள்ளம் பரீட்சையைச் சில நாள் நிறுத்தி வைத்ததால் டிசம்பர் முடியும் வரைக்கும் அவளுக்கு மேசை வேண்டும். ஈற்றில் மனைவி, குசினியில் புதிதாக வார்த்த கொங்கிறீட் தட்டின் ஒரு மூலையை எனக்கு ஒதுக்கித் தந்தாள். மறு மூலையில் தேங்காய் துருவுகிறாள். தட்டு அதிர்ந்து எழுத்துக் கோணினால் என்மேல் குற்றம் இல்லை. அந்தத் தட்டை வார்த்தவன் நான்தான் என்பதை இப்போதைக்கு விடுவோம்.

ஆண்டு முடிவு நமக்குப் பெருநாள் இல்லை. நம் புத்தாண்டு முஹர்ரத்தில் பிறக்கிறது, அதுவும் ஒவ்வோர் ஆண்டும் பதினொரு நாள் அளவில் முன்னுக்கு நகர்கிறது. என்றாலும் சுனாமி அடித்த டிசம்பர் 26 இந்தக் கரையில் இருப்பவனைக் கணக்குப் பார்க்க வைத்துவிடும். நேற்று அது இருபதாவது முறையாக வந்து போனது. காலை 9.25 முதல் 9.27 வரை நாடு முழுக்க மௌனம். பள்ளிவாசலில் குர்ஆன் ஓதித் துஆக் கேட்டோம். வீட்டுக்குத் திரும்பி வந்து படலையைத் திறக்கிறேன், மாமி முற்றத்தில் நின்று புதுக் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறா. எண்பதை நெருங்கும் வயது. “மகன், இந்த ஊட்டுக்கு இது நாலாவது கூரை” என்றா. எனக்கு மூன்றுதான் தெரியும். எனக்குத் தெரியாத அந்த ஒன்றைத் தேடிப் போனதில்தான் இந்த மடல் வந்தது.

முதற் கூரை கிடுகு. மாமிக்குக் கலியாணம் முடிந்தபோது இந்த வளவில் இருந்தது மண்சுவரும் கிடுகும். 1978 நவம்பர் 23ஆம் தேதி அடித்த சூறாவளி அதைக் கொண்டுபோனது. மட்டக்களப்பிலிருந்து கீழே நம் ஊர்கள் வரைக்கும் தென்னந்தோட்டங்களைப் படுக்கப் போட்ட அதே சூறாவளிதான். அதற்குப் பிறகு மாமா கல்வீடு கட்டினார். என்னைப் போலவே அவரும் மருதமுனையில் பிறந்து இந்த வளவுக்குக் குடிவந்தவர், கைத்தறி நெசவுக்காரர். இரண்டு தறியில் ஒன்றை விற்றுக் கைமரமும் ஓடும் வாங்கினார் என்று மாமி சொல்கிறா. மிச்சத் தறியில் சாரன் நெய்தும், மாமி பன் பாய் இழைத்தும் மற்றச் செலவை ஒப்பேற்றினார்கள். அது இரண்டாவது கூரை. 2004இல் கடல் அதை எடுத்தது. அதற்குப் பின் வந்த அஸ்பெஸ்டஸ் சீற் மூன்றாவது. இந்த ஆண்டு நாங்கள் போட்டிருக்கும் ஓடு நாலாவது.

நாலு கூரையில் ஒன்றிலாவது என் வாப்பாவின் காசு இல்லை. நமது வழமை அப்படித்தான் என்று உங்களுக்குத் தெரியும். ஆனாலும் வெளியூர்க்காரர் யாராவது இதை வாசிக்கக்கூடும் என்பதால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

தமிழ்நாட்டுப் படங்களில் ‘வீட்டோடு மாப்பிள்ளை’ என்றால் சிரிப்புப் பாத்திரம். மாமனார் வீட்டுச் சோற்றுக்கு வந்தவன் என்று நக்கல் அடிப்பார்கள். நம் கரையில் அது நேர் எதிர். பெண்ணைத் தன் உம்மா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிறவனைத்தான் ஊர் ஒரு மாதிரிப் பார்க்கும். “ஏன், பொண்ணுக்கு ஊடு இல்லயா?” என்று பெண் வீட்டாரைப் பற்றிக் கதை கிளம்பும். தாயின் வழியாகக் குடி, அதாவது குலம், வரும்; மகளின் வழியாக வீடு போகும். தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இதில் பெரிய வேறுபாடு இல்லை. 1876இலேயே பிரிட்டோ என்பவர் இங்குள்ள முக்குவர் சமூகத்தின் வாரிசுரிமை முறையைப் பற்றித் தனி நூல் போட்டார். அமெரிக்க மானிடவியலாளர் டென்னிஸ் மெக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் ஆண்டுக்கணக்காக இருந்து ஆராய்ந்து 2008இல் புத்தகம் எழுதினார். படித்தவர்கள் வந்து எழுதுகிற அளவுக்கு நாம் அபூர்வமான ஆட்கள். நமக்குத்தான் அது தெரியாது.

சட்டத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1931ஆம் ஆண்டின் முஸ்லிம் வாரிசுரிமைக் கட்டளைச் சட்டப்படி, உறுதி எழுதாமல் வாப்பா மௌத்தானால் சொத்தில் மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு. நடைமுறையில் அந்தக் கணக்கு வீட்டுக்கு வருவதே அரிது. பெற்றவர்கள் உயிரோடு இருக்கும்போதே நொத்தாரிசிடம் போய் மகள் பேருக்கு நன்கொடை உறுதி எழுதிவிடுவார்கள். 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் ‘கைக்கூலி’ என்ற நம் ஊர்ச் சொல்லை அப்படியே எடுத்து வரைவிலக்கணம் தருகிறது. பெண்ணின் உபயோகத்துக்காக மாப்பிள்ளையிடம் கொடுக்கப்படும் பணமும் அசையும் பொருளும் கைக்கூலி. பெண்ணின் உபயோகத்துக்காக என்ற அந்த இரண்டு சொல்லை நம்மில் எத்தனை பேர் கவனித்திருக்கிறோம்? கைக்கூலி வாங்கி மோட்டார் சைக்கிள் எடுத்தவர்கள் ஒருதரம் நினைத்துப் பார்க்கட்டும். வீடு அசையாத சொத்து என்பதால் அந்த வரைவிலக்கணத்துக்குள் வரவில்லை. ஆனால் நம் ஊரில் ஒரு கலியாணத்தை நடத்துவதும் நிறுத்துவதும் அந்த வீடுதான். மாப்பிள்ளை கொடுக்கிற மஹர் ஒரு மோதிரத்தோடு முடிந்துவிடும். பெண் வீட்டார் கொடுப்பது அத்திவாரத்திலிருந்து முகடு வரைக்கும்.

2000ஆம் ஆண்டு குரவைச் சத்தத்துக்கு நடுவே நான் இந்தப் படலையைத் தாண்டி வந்தேன். மருதமுனைக்கும் இங்கைக்கும் நடந்து போகிற தூரம். 24 வருடம் போய்விட்டது. இன்றைக்கும் கடைத்தெருவில் என் பெயர் ‘மருதமுனை மாப்பிள’. இந்தப் பெரியநீலாவணையில் 1931இல் பிறந்த ஆசிரியர் கே. சின்னத்துரை, ஊரின் பெயரையே எடுத்து நீலாவணன் ஆகித் தமிழ்க் கவிதையில் நிலைத்தார். நானும் ஆசிரியன்தான். எனக்கு ஊர் தந்த புனைபெயர் மேலே சொன்னது.

மாமி அந்த ஆண்டே 20 பேர்ச் வளவையும் வீட்டையும் மனைவி பேருக்கு எழுதிவிட்டா. மாமாவும் மாமியும் நடு அறையை எங்களுக்கு விட்டுப் பின்பக்கச் சாய்ப்புக்குப் போனார்கள். தங்கள் வீட்டிலேயே பின்னுக்குத் தள்ளிப் போனார்கள் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. உங்களுக்கு உறைத்ததா என்று கேட்கத்தான் எழுதுகிறேன். நான் பொதியை வைத்துவிட்டுப் படுத்துத் தூங்கினேன்.

சுனாமி வந்த நாள் ஞாயிற்றுக்கிழமை, போயா. எங்கள் வளவில் முன் மண்டபத்தின் இரண்டு சுவர் மிஞ்சியது. மாமாவைக் கடல் கொண்டுபோனது. இலங்கையில் அதிகமான உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் அம்பாறை. அதைப் பற்றி எழுதுவதற்கு இந்த மடல் இடமில்லை. நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு நடந்த ஒரு சின்ன விசயம்.

முதலில் கடலிலிருந்து இருநூறு மீற்றருக்குள் கட்டக்கூடாது என்றார்கள். தெற்கிலும் மேற்கிலும் அது நூறு மீற்றர். வடக்கு கிழக்கில் மட்டும் ஏன் இருநூறு என்று கேட்காத ஆள் இல்லை. எங்கள் வளவு அந்த இருநூறுக்குள் விழுந்தது. இந்தப் பக்கம் கடல், அந்தப் பக்கம் களப்பு, நடுவில் பெருந்தெரு. இருநூறு மீற்றரை விட்டால் ஊரில் மிச்சம் என்ன இருக்கும் என்று கொழும்பில் கோடு போட்டவர்கள் பார்க்கவில்லை. தகரக் கொட்டிலில் ஓர் ஆண்டு இருந்தோம். கோடு தளர்ந்து, கல்முனைப் பக்கத்தில் 65 மீற்றர் என்று வந்து நின்றது. ‘65 மீற்றர்’ இன்றைக்கும் நம்மிடையே ஓர் ஊர்ப் பெயரைப் போலப் புழங்குகிறது. எங்கள் வளவு அந்தக் கோட்டுக்கு வெளியே வந்ததால் திரும்பக் கட்டலாம் என்றார்கள். முழுதாக உடைந்த வீட்டுக்கு இரண்டரை இலட்சம், நாலு தவணையில்.

படிவம் வந்தது. முதற் கட்டத்தில் ‘குடும்பத் தலைவர்’ என்று இருந்தது. நான் யோசிக்காமல் என் பெயரை எழுதிக் கையெழுத்து வைத்தேன். வங்கிக் கணக்கும் என் பேரில். அத்திவாரத்துக்கு ஒரு தவணை, சுவர் எழும்பினதும் ஒன்று என்று காசு என் கைக்கு வந்தது. அந்த மாதங்களில் என் நடையே மாறிவிட்டது என்று பின்னால் மனைவி சொன்னாள். மேசனிடம் ‘என்ட வீடு’ என்று கதைத்தேனாம். ஜன்னல் எங்கே வரவேண்டும் என்று நானே கோடு கீறினேன். குசினியை மேற்கு மூலையில் ஓர் அடைசலான இருட்டறையாக வைத்தேன். அங்கே நின்று சமைக்கப் போகிறவளைக் கேட்கவில்லை. ஒரு நாள் அவள் மணல் சுமந்துகொண்டு போகும்போது நின்று சொன்னாள்: “இஞ்சருங்க, வளவு ஆருட பேரில எண்டு அந்தக் கடதாசியில கேக்கலயா?” கேட்டிருக்கவில்லை என்பதுதான் உண்மை. கேட்காத கேள்விக்கு நானாவது பதில் எழுதியிருக்கலாம்.

எங்களுக்கு வளவு பழைய உறுதியில் இருந்ததால் பெரிய தீங்கு வரவில்லை. வேறு இடத்தில் புது வீடு கிடைத்த எத்தனையோ குடும்பங்களில், மனைவியின் சீதன வீடு கடலில் போக, பதில் வீடு புருசன் பேரில் வந்தது. மகளுக்கு எழுதிக் கொடுக்க உம்மாவிடம் வீடு இல்லாமல் போயிற்று. அரச காணி என்றால் இன்னும் சிக்கல். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வாரிசு வரிசையில் ஆண் பிள்ளைக்கு முதலிடம் வைத்திருந்தது. 2022இல்தான் அதைத் திருத்தினார்கள். தலைமுறை தலைமுறையாகப் பெண் கையில் இருந்த ஒன்றை ஒரு படிவத்தின் ஒரு சொல் கைமாற்றிவிட்டது. அதில் கையெழுத்துப் போட்டவர்கள் நாம்.

இனி இந்த ஆண்டு நடந்த வேலைக்கு வருகிறேன்.

இரண்டரை இலட்சத்தில் வீடு முடியாது என்பதால் 2006இல் எல்லாவற்றையும் மலிவாகச் செய்தேன். கடற்கரை மணல் கையெட்டுத் தூரத்தில் கிடந்தது. ஆற்று மணலுக்கு லொறிக் கூலி கேட்டார்கள். நான் கடல் மணலைக் கலந்தேன். அந்தக் கெட்டித்தனத்துக்கு விலை பதினைந்து ஆண்டு கழித்துத் தெரிந்தது. முதலில் சுவரில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்தது. பெயின்ற் செதில் செதிலாக உதிர்ந்தது. பிறகு ஜன்னலுக்கு மேலே இருந்த லிண்டலில் நூல் மாதிரி ஒரு வெடிப்பு. உப்பு ஈரத்தை இழுத்து உள்ளே இருக்கும் கம்பிக்குக் கொண்டுபோகும். கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிடப் பருத்தது, இருக்க இடம் போதாமல் கொங்கிறீட்டைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். ஒரு நாள் இரவு குசினியில் உள்ளங்கை அளவு துண்டு ஒன்று சட்டிக்குள் விழுந்தது. நல்லவேளை, சட்டி வெறும் சட்டி.

2021இல் திருத்தியிருக்கலாம். அப்போது 50 கிலோ சீமெந்து மூட்டை ஆயிரம் ரூபா அளவில் இருந்தது. “அடுத்த வருசம் பார்ப்போம்” என்றேன். அடுத்த வருசம் நாடே வங்குரோத்து. மூட்டை மூவாயிரத்தைத் தாண்டியது. பெற்றோலுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற காலத்தில் லிண்டலை யார் பார்த்தார்கள்? தடி ஒன்றை முட்டுக் கொடுத்தேன், அதன் கீழே மனைவி இரண்டு ஆண்டு சமைத்தாள். மாமி அந்தத் தடியில் அகப்பையைத் தொங்கவிட்டா.

இந்த ஆண்டு நோன்புக்கு முதலே மனைவி ஒரு கொப்பியில் பட்டியல் எழுதினாள். முதலில் குசினி, பிறகு மாமியின் குளியலறை, பிறகு கூரை, கடைசியில் முன் விறாந்தை. எனது பட்டியலில் வரிசை தலைகீழாக இருந்தது. வீதியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரிவது விறாந்தைதானே. இரண்டு கொப்பியையும் பக்கத்துப் பக்கம் வைத்துப் பார்த்த மூத்த மகள், “வாப்பா, நீங்க ரோட்டுக்கு ஊடு கட்டுறீங்க” என்றாள். பேசாமல் என் கொப்பியை எடுத்து மடித்து வைத்தேன்.

பாண்டிருப்பிலிருந்து ஒரு மேசன் அண்ணன் வந்தார். உப்புப் பிடித்த இடத்தை மேலால் பூசி மறைக்கச் சொன்னேன். மனிதர் உளியைக் கீழே வைத்துவிட்டார். “சேர், புண்ணுக்கு மேல பவுடர் பூசச் சொல்றீங்க” என்றார். கம்பியைச் சுற்றி நாலு பக்கமும் கொத்தி எடுத்து, இரும்புத் தூரிகையால் துரு போகத் தேய்த்து, கரைந்துபோன இடத்தில் புதுக் கம்பி வைத்து ஒட்டி, சீமெந்துப் பால் தடவி, ஒன்றுக்கு மூன்று கலவையில் பூசி, ஏழு நாள் நனைச்சாக்குப் போட்டு வைக்க வேண்டும் என்றார். மணல் ஆற்று மணல்தான், அதையும் கழுவ வேண்டும். அந்தக் கழுவும் வேலை எனக்கு வந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்து, வாளி வாளியாக மணல் கழுவினேன். மேசன் அண்ணன் போன பிறகு மஃரிப் தொழுதுவிட்டு மனைவியும் நானும் நனைச்சாக்குக்குத் தண்ணீர் ஊற்றுவோம். பிள்ளைகள் சின்னதாக இருந்தபோது நள்ளிரவில் எழும்பி மாறி மாறிப் பால் கரைத்த ஞாபகம் வந்தது. அந்த ஏழு நாளில் நாங்கள் கதைத்த அளவுக்கு அதற்கு முந்திய ஏழு மாதத்தில் கதைத்திருக்க மாட்டோம். பெரும்பாலும் சண்டை. குசினிச் சுவருக்கு மஞ்சளா, இளம்பச்சையா என்று மட்டும் மூன்று இரவு போனது. (இளம்பச்சை.)

குசினிக்குக் கிழக்கே ஒரு ஜன்னல் வெட்டினோம். அதன் வழியாகக் கடற்காற்று வருகிறது, புகை போகிறது. 2006இல் அந்தச் சுவரில் ஜன்னல் வேண்டாம், கடல் தெரியக்கூடாது என்று நான்தான் சொன்னேன். அது பயம். மாமி இப்போது அந்த ஜன்னலடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிறா. கடலைப் பார்க்கிறாவா, பார்க்காமல் இருக்கிறாவா என்று நான் கேட்டதில்லை.

குளியலறைக்குக் கைப்பிடிக் குழாயும் வழுக்காத கல்லும் வைத்தோம். வாசற்படி இரண்டை இடித்துச் சாய்தளம் ஆக்கினோம். இதில் எழுத வேறொன்றும் இல்லை. பத்து ஆண்டுக்கு முன்பே செய்திருக்க வேண்டியது.

கூரைக்குக் கத்தாரில் இருக்கும் மச்சான் காசு அனுப்பினான். மனைவிக்குத் தம்பி. இரண்டு தங்கைமாருக்கும் வீடு முடிந்த பிறகுதான் கலியாணம் செய்வேன் என்று நாற்பது வரைக்கும் நின்றவன். அவன் காசில் எழும்பிய மூன்று வீட்டில் ஒன்றிலும் அவனுக்கு ஒரு சாவி கிடையாது. விடுமுறைக்கு வந்தால் தன் மனைவி வீட்டில் இறங்கிவிட்டு இங்கே விருந்தாளியாக வருவான், முன் விறாந்தையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடிப்பான். நம் ஊரில் நன்றி என்ற சொல்லை மேடையில்தான் பாவிக்கிறோம். வீட்டுக்குள் யாருக்கும் யாரும் சொல்வதில்லை. சோறு போட்டுக் கொடுத்தால் விளங்கிக்கொள்ள வேண்டும். மச்சானுக்கு 24 ஆண்டாகச் சோறுதான் போட்டேன். இங்கே எல்லாரும் பார்க்க எழுதுகிறேன்: மச்சான், ஜஸாக்கல்லாஹு ஹைரா.

பழைய அஸ்பெஸ்டஸ் சீற்றைக் கழற்றும்போது உடைத்து எறியலாம் என்று நின்றேன். அந்தத் தூசு நெஞ்சுக்குள் போனால் ஆண்டுகள் கழித்து வருத்தம் வரும் என்று இளைய மகள் விஞ்ஞானப் புத்தகத்தோடு வந்தாள். நனைத்து, முழுதாகக் கழற்றி, தூக்கி இறக்கினோம். மூன்று நாள் வேலை ஆறு நாள் ஆனது. ரீப்பை அடித்து ஓடு பரவி முகட்டைக் கட்டி முடித்தபோது ஒக்டோபர். நவம்பர் கடைசியில் மழை கொட்டியது. ஒழுங்கை முழுக்க முழங்காலளவு தண்ணீர். 26ஆம் தேதி காரைதீவுக்கும் சம்மாந்துறைக்கும் இடையே மாவடிப்பள்ளியில் மத்ரசாப் பிள்ளைகள் வந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் இழுத்துப்போன செய்தி வந்தது. அந்த இரவு எங்கள் கூரை ஓர் இடத்திலும் ஒழுகவில்லை. அதற்குச் சந்தோசப்பட முடியவில்லை. எல்லாரும் நடு அறையில் உட்கார்ந்து யாஸீன் ஓதினோம். மேலே ஓட்டில் மழை விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

இன்னொன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. செப்டம்பரில் மூத்த மகளைப் பெண் பார்க்க ஒரு குடும்பம் வந்தது. எந்த ஊர், எந்தக் குடி என்று எழுதமாட்டேன். வந்தவர்கள் பிள்ளையின் முகத்தைப் பார்த்ததைவிட நிலத்தைப் பார்த்தது கூட. சீமெந்து நிலம், சிவப்புச் சாயம் போட்டது, மாமாவின் காலத்து வேலைப்பாட்டைப் போலவே நாங்கள் திரும்பப் போட்டது. “டைல்ஸ் பதிக்கிற யோசனை இல்லையா?” என்று கேட்டார்கள். மேல்மாடி எழுப்பத் தூண் கம்பி விட்டிருக்கிறீர்களா என்று கேட்டார்கள். கேட்டது மாப்பிள்ளையின் வாப்பா. அவரும் தன் மனைவி வீட்டில் இருப்பவர்தான். நான் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டேன். அன்றிரவு முழுக்கக் கோபம். விடியப் பார்த்தால் கோபம் என் பக்கம் திரும்பியிருந்தது. 2000ஆம் ஆண்டு என் வாப்பா இந்த வீட்டுக்கு வந்து என்ன கேட்டார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயன்றதும் இல்லை. ஒக்டோபரில் ஒரு நாள் மாமியிடம் கேட்டேன். மாமி சிரித்துவிட்டு, “குளிக்கிற அறைக்கு ஓடு போடச் சொன்னாரு மகன், உங்கட மாமா கைமாத்து வாங்கிப் போட்டாரு” என்றா.

இந்த வழமையைக் குறை சொல்லத்தான் எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். எனக்கு இது பிடிக்கும். தன் உம்மாவின் குசினியில், தன் பேருக்கு எழுதிய நிலத்தில் நிற்கிற பெண்ணை யாரும் இலேசில் வெளியே போ என்று சொல்ல முடியாது. மற்ற ஊர்களில் பெண் பிள்ளைகள் படுகிற பாட்டைச் செய்தியில் பார்க்கும்போது, நம் முன்னோர் செய்து வைத்த இந்த ஏற்பாட்டின் அருமை தெரியும். கெட்டுப்போனது கேட்கிற பக்கம். கொடுத்தது கொடையாக இருந்தவரைக்கும் மண்சுவரும் கிடுகும் போதும் என்று இருந்தது. வரிப் படிவம் மாதிரி நாம் பட்டியல் நீட்டத் தொடங்கிய பிறகுதான் மச்சான்மாரின் வாலிபம் பாலைவனத்தில் போயிற்று.

டிசம்பர் முதற்கிழமை நாங்கள் நொத்தாரிசிடம் போனோம். மனைவி தன் வளவில் 8 பேர்ச்சை மூத்தவள் பேருக்கு எழுதினாள். கலியாணம் பேசி முடியட்டும் என்று நான் சொன்னேன். “கலியாணத்துக்கு எழுதினா அது விலை, இப்ப எழுதினா அது என்ட புள்ளைக்கு நான் குடுக்கிற” என்றாள். நொத்தாரிசு என்னைப் பார்த்து, “நீங்க?” என்று கேட்டார். சாட்சிக்கு ஆள் தேவைப்பட்டது. முதலாம் சாட்சி என்ற இடத்தில் கையெழுத்து வைத்தேன். இரண்டாம் சாட்சி மேசன் அண்ணன்.

தம்பிமாரே, மச்சான்மாரே, காக்காமாரே. இந்த மாரி முடிவதற்குள் அலுமாரியைத் திறந்து வீட்டு உறுதி இருக்கும் கோப்பை எடுத்துப் பாருங்கள். சுனாமி வீடு உங்கள் பேரில் இருந்தால், அதற்கு முன் இருந்த வீடு யாருடையது என்று வீட்டில் மூத்தவர்களைக் கேளுங்கள். கேட்டுவிட்டு நொத்தாரிசிடம் போங்கள். அரச காணி என்றால் பிரதேச செயலகத்துக்குப் போங்கள், சுணங்கும், போங்கள். இருக்கிற வீட்டில் எங்கே உப்புப் பூத்திருக்கிறது என்று பாருங்கள். அதைத் திருத்தும்போது மணலை நீங்களே கழுவுங்கள். உங்கள் மகனுக்குப் பெண் பார்க்கப் போகும்போது நிலத்தைப் பார்க்காதீர்கள், அங்கே டைல்ஸ் இருந்தாலும் சரி, சாணி மெழுகியிருந்தாலும் சரி. மாமி உயிரோடு இருந்தால், கலியாணத்தின்போது உங்கள் வாப்பா என்ன கேட்டார் என்று ஒரு தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து விசாரியுங்கள். என்னைப் போல 24 ஆண்டு பிந்த வேண்டாம்.

கடைசியாக ஒன்று. விறாந்தை வேலை முடிந்து அரை மூட்டை சீமெந்து மிஞ்சியிருக்கிறது. இந்த ஈரத்துக்கு இன்னும் ஒரு கிழமை தாங்காது, கட்டிபட்டுவிடும். யாருக்காவது லிண்டலில் வெடிப்பு இருந்தால் வந்து எடுத்துக்கொண்டு போங்கள். காசு வேண்டாம். வாளி கொண்டு வரவும்.

இப்படிக்கு,
மருதமுனை மாப்பிள
பெரியநீலாவணை
2024 டிசம்பர் 27